கருங்கல்லில் ஏன் இத்தனை புள்ளிகள்?

நமது குசினிகளில் கல்லுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அன்று அம்மியும் குழவியும் ஆட்டுக்கல்லும் இருந்தன. கிரைண்டர் வந்துவிட்ட வீடுகளில் இன்று பென்ட்ரி மேசையின் மேல் பளபளவென்று ஒரு கிரனைட் பலகை கிடக்கின்றது. தினமும் அதைத் துடைக்கின்ற நாம், அதன் முகத்தை ஒரு தடவையேனும் உற்றுப் பார்த்திருக்கின்றோமா?

வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு, கறுப்பு என்று அரிசி மணியளவிலும் கடலைப் பருப்பளவிலும் புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். யாரோ சாயம் தெளித்து விட்டாற்போல் இருந்தாலும், எந்தப் புள்ளியும் மேலே பூசப்பட்டதல்ல. கல்லை எங்கே உடைத்தாலும் உள்ளேயும் அதே புள்ளிகள்தாம். ஒவ்வொன்றும் ஒரு தனிக் கனியத்தின் பளிங்கு. அவை ஏன் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வளர்ந்தன என்ற கேள்விக்கு விடை தேடினால், பூமிக்கடியில் பல கிலோமீற்றர் ஆழத்துக்கும் பல கோடி வருடங்களுக்கு முன்னைய காலத்துக்கும் நாம் போய்வர வேண்டியிருக்கும். கடைக்குப் போய்க் கல் வாங்கும்போதும், அதை வீட்டில் வைத்து வெட்டும்போதும் நமக்குப் பயன்படக்கூடிய சில விடயங்களும் அந்த விடையில் இருக்கின்றன.

மூன்று வகை மணிகள்

கிரனைட்டில் முக்கியமாக மூன்று வகைக் கனியங்கள் உண்டு. கண்ணாடித் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் மினுங்குவது குவாட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகங்களோடு காணப்படுவது பெல்ஸ்பார். கறுப்பாக இதழிதழாக மினுங்குவது மைக்கா. சில கற்களில் மைக்காவோடு, அல்லது மைக்காவுக்குப் பதிலாக, ஹோர்ன்பிளென்ட் என்னும் இன்னொரு கருநிறக் கனியமும் இருக்கும்.

இவற்றுள் பெல்ஸ்பாரே மிகுதியாகக் காணப்படும். மீட்டியாகொடையில் கிடைக்கின்ற சந்திரகாந்தக் கல்லைத் தெரியாத சகோதரிகள் இருக்க முடியாது. மோதிரத்தில் நீல ஒளி படர்ந்து நிற்கும் அந்தக் கல்லும் பெல்ஸ்பார் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பென்ட்ரி மேசையின் வெள்ளைப் புள்ளியும் விரலில் கிடக்கும் மோதிரக் கல்லும் உறவுக்காரர்கள் எனலாம்.

பூமியின் அடியில் ஒரு குழம்பு

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். மேற்பகுதியில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை உயர்கின்றது. கண்டங்களின் ஓடு சராசரியாக 35 முதல் 40 கிலோமீற்றர் தடிப்புடையது. இரண்டு கண்டங்கள் மோதி இந்த ஓடு மேலும் தடித்துப் போகும் இடங்களிலும், கீழிருந்து மிகச் சூடான எரிமலைக் குழம்பு வந்து அடியில் தேங்கும் இடங்களிலும், ஓட்டின் அடிப்பாகம் உருகத் தொடங்குகின்றது.

முழுப் பாறையும் ஒரே நேரத்தில் உருகிவிடுவதில்லை. இலகுவில் உருகக் கூடிய பகுதிகளே முதலில் உருகும். குவாட்ஸும் பெல்ஸ்பாரும் சேர்ந்த கலவையே அவ்வாறு முந்திக்கொண்டு உருகுவது. சிறிது நீரும் கலந்திருந்தால் 650 முதல் 700 பாகையிலேயே உருகல் தொடங்கிவிடும். நீர் இல்லாவிட்டால் 950 பாகைக்கும் மேல் செல்ல வேண்டியிருக்கும். ஓ. எஃப். டட்டில், என். எல். போவன் என்ற இரு விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் உயர் அமுக்கத்தின் கீழ் பரிசோதனைகள் செய்து, 1958 இல் வெளியிட்ட நூலில் இதனை நிறுவினர்.

இப்படி உருவான குழம்பு சுற்றியுள்ள பாறையை விடப் பாரம் குறைந்தது. ஆகவே வெடிப்புகளின் ஊடாக மெல்ல மெல்ல மேலே ஏறுகின்றது. எரிமலையாக வெளியே கொட்டிவிடாமல், சில கிலோமீற்றர் ஆழத்திலேயே நின்றுவிடும் குழம்புதான் அங்கே கிடந்து ஆறி கிரனைட் ஆகின்றது.

கிடாரத்துச் சோறும் கோப்பைத் தேநீரும்

ஒரு கோப்பைத் தேநீர் சில நிமிடங்களில் ஆறிவிடும். கலியாண வீட்டில் பெரிய கிடாரத்தில் ஆக்கி மூடி வைத்த சோறோ பல மணித்தியாலம் கழித்துத் திறந்தாலும் ஆவி பறக்கும். அளவு பெரிதானால் ஆறுவதும் தாமதமாகும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. பாறைக்குள்ளே கிடக்கும் குழம்பின் தடிப்பு இரண்டு மடங்கானால், ஆற எடுக்கும் காலம் நான்கு மடங்காகும்.

கிடாரத்தைச் சுற்றிக் காற்றாவது இருக்கின்றது. பூமிக்குள் தங்கிய குழம்பைச் சுற்றியிருப்பது சூட்டை மிக மெதுவாகக் கடத்துகின்ற பாறை. பல கிலோமீற்றர் பாறை அதன்மேல் போர்வை போலக் கிடக்கின்றது. ஒரு கிலோமீற்றர் அளவான குழம்பு ஆறுவதற்கே பல்லாயிரம் வருடங்கள் செல்லும். பல கிலோமீற்றர் தடிப்புள்ளவை பல இலட்சம் வருடங்கள் எடுக்கும். அமெரிக்காவின் யொசெமிட்டி மலைகளில் உள்ள மாபெரும் கிரனைட் திரள் ஒன்று, பகுதி பகுதியாகக் குழம்பு வந்து சேர்ந்து ஏறத்தாழ ஒரு கோடி வருட காலத்தில் உருவானது என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

நெய் ஏன் மணல் மணலாக உறைகின்றது?

ஆறுதல் தாமதமானால் மணிகள் ஏன் பெரிதாக வேண்டும்? இதற்கு விடை நமது அலுமாரியில் உள்ள நெய்ப் போத்தலிலேயே இருக்கின்றது. உருக்கிய நெய்யை அப்படியே மூலையில் வைத்து மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். அதே நெய்யைச் சூடாக இருக்கும்போதே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் வழுவழுவென்று உறைந்துவிடும். இரண்டும் ஒரே நெய்தான். ஆறிய வேகம் மாத்திரமே வேறு.

பளிங்கு ஒன்று உருவாக இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, சில அணுக்கள் ஒழுங்காகக் கூடி ஒரு 'விதை' தோன்ற வேண்டும். இரண்டாவது, அந்த விதையில் மேலும் மேலும் அணுக்கள் வந்து ஒட்டி அது வளர வேண்டும். குழம்பு சட்டென்று குளிர்ந்தால் ஒரே நேரத்தில் எண்ணற்ற விதைகள் தோன்றும். இருக்கின்ற சரக்கை அத்தனை விதைகளும் பங்கிட்டுக் கொள்ள வேண்டியிருப்பதால் எதுவும் பெரிதாக வளராது. மெதுவாகக் குளிர்ந்தால் சில விதைகளே தோன்றும். அணுக்கள் நகர்ந்து வந்து சேரவும் தாராளமாக நேரமிருக்கும். ஆகவே அந்தச் சில விதைகளும் கொழுத்து வளர்கின்றன. நெருக்கமாக விதைத்த கீரைப் பாத்தியையும், இடைவெளி விட்டு நட்ட கத்தரிக் கன்றுகளையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

எல்லாக் கனியங்களும் ஒரே நேரத்தில் உறைவதுமில்லை. பொதுவாகக் கருநிறக் கனியங்களும் ஒருவகைப் பெல்ஸ்பாரும் முந்திக்கொள்ளும். இடம் தாராளமாக இருப்பதால் அவை தமக்குரிய வடிவத்தோடு வளர்கின்றன. குவாட்ஸ் பெரும்பாலும் கடைசியில் வந்து, மிஞ்சியிருக்கும் இடுக்குகளை நிரப்பும். அதனால்தான் பலகையில் பெல்ஸ்பார் கட்டம் கட்டமாகவும், குவாட்ஸ் ஒழுங்கான உருவமின்றியும் தெரிகின்றது. இப்படி ஒன்றையொன்று கோத்துக்கொண்டு வளர்ந்ததால் இடையில் வெற்றிடம் மிகக் குறைவு. கல் உறுதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரே குழம்பு, நான்கு கற்கள்

கிரனைட்டாக மாறும் இதே குழம்பு எரிமலை வாயிலாக வெளியே வந்துவிட்டால் என்ன நடக்கும்? தரையில் வழிந்து விரைவாக ஆறினால், கண்ணுக்கு மணி தெரியாத ரயோலைட் என்ற கல்லாகும். விதை தோன்றவே அவகாசமின்றி உறைந்துவிட்டால் ஒப்சிடியன் என்னும் கறுப்புக் கண்ணாடியாகும். உள்ளிருந்த வாயுக்கள் நுரைத்துப் பொங்க உறைந்தால், பாதத்தின் பித்த வெடிப்பைத் தேய்க்க நாம் வாங்கும் நுரைக்கல்லாகும். நான்குக்கும் இரசாயனச் சேர்க்கை ஏறக்குறைய ஒன்றே. ஆறிய இடமும் வேகமும் மாறியதால் உருவம் மாறிவிட்டது.

மறுபுறம், மணிகள் மிகமிகப் பெரிதாகும் சந்தர்ப்பமும் உண்டு. கிரனைட் குழம்பு உறைந்து முடியும் தறுவாயில் நீரும் வேறு சில மூலகங்களும் எஞ்சிய குழம்பிலே சேர்ந்துவிடும். நீர் அக்குழம்பை இளக்கிவிடுவதால் அணுக்கள் தங்குதடையின்றி ஓடித் திரியும். விதைகளும் குறைவாகவே தோன்றும். இப்படி உண்டாவது பெக்மட்டைட் என்ற கல். அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்திலுள்ள எட்டா சுரங்கத்தில், இவ்வகைக் கல்லில் 12 மீற்றருக்கும் மேல் நீளமான ஒரே பளிங்கு காணப்பட்டது. நமது வீடுகளுக்குப் பக்கத்தில் நிற்கும் தென்னையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஆறுதல் மெதுவானால் மணி பெரிதாகும் என்பது சரியே. எனினும் அது மாத்திரமே காரணமல்ல என்பதை இந்தப் பெக்மட்டைட் உணர்த்துகின்றது. கலிபோர்னியாவில் எடுக்கப்பட்ட பெக்மட்டைட் பளிங்குகளை ஆராய்ந்து 2020 இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றின் சில பகுதிகள் நாட்கணக்கிலேயே வேகமாக வளர்ந்திருக்க வேண்டும் என்று கூறுகின்றது. நேரத்தோடு, விதைகளின் எண்ணிக்கையும் குழம்பின் இளக்கமும் சேர்ந்தே மணியின் அளவைத் தீர்மானிக்கின்றன.

கண்ணால் காணாததை அறிந்த விதம்

எரிமலைக் குழம்பு உறைவதை நேரில் காணலாம். ஆழத்தில் கிரனைட் உறைவதை எவரும் கண்டதில்லை. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் கற்பித்த வேர்னர் என்ற பேராசிரியர், ஆதிகாலக் கடல் நீரிலிருந்து படிந்ததே கிரனைட் என்றார். ஐரோப்பாவில் பலரும் அதனை ஏற்றனர்.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் அதனை ஏற்கவில்லை. 1785 இல் கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கின் ஆற்றுப் படுகையில், கருநிறப் பாறையை ஊடறுத்துக்கொண்டு சிவந்த கிரனைட் நரம்பு நரம்பாக ஓடியிருப்பதை அவர் கண்டார். முன்பே இருந்த பாறையின் வெடிப்புகளுக்குள் உருகிய நிலையில் புகுந்தாலன்றி இப்படி நிகழ முடியாது என்பது அவரது வாதம்.

எதிர்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். உருகிய கல் குளிர்ந்தால் கண்ணாடியாகத்தானே ஆகும். பளிங்கு எங்கிருந்து வந்தது? ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹோல் இதற்கு விடை கண்டார். கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில், மிக மெதுவாக ஆறிய கண்ணாடிக் குழம்பு ஒளிபுகாத பளிங்குத் திரளாக மாறியிருந்தது அவருக்கு வழி காட்டியது. கருநிறத் தீப்பாறைகளை உலையில் உருக்கி, விரைவாகக் குளிரவிட்டபோது கண்ணாடியும், மெதுவாகக் குளிரவிட்டபோது பளிங்குகள் நிறைந்த கல்லும் கிடைத்தன. 1798 இல் இம்முடிவுகளை அவர் எடின்பரோவில் வாசித்தளித்தார். ஹட்டன் அதற்கு முந்திய வருடமே காலமாகிவிட்டார். நெய்ப் போத்தலில் நாம் காண்பதைத்தான் ஹோல் உலையில் செய்து காட்டினார்.

கிரனைட்டின் வயதை அறியவும் அதற்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கின்றது. அதுதான் சிர்க்கோன் என்ற நுண்ணிய பளிங்கு. நமது மாணிக்க வியாபாரிகள் 'மாத்தறை வைரம்' என்று சொல்வது இதன் நிறமற்ற வகையைத்தான். சிர்க்கோனுக்குள் அகப்பட்ட யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகின்றது. யுரேனியத்தின் பிரதான வகை பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி வருடங்கள் எடுக்கும். இரண்டும் எவ்வளவு உள்ளன என்று அளந்தால் பளிங்கின் வயது தெரிந்துவிடும்.

நமது நாட்டில் உள்ளது கிரனைட்தானா?

நாம் 'கருங்கல்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும், இலங்கையில் உண்மையான கிரனைட் குறைவு. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளக் கரையோரம் போன்ற இடங்களில் சுண்ணாம்புக்கல் உண்டு. எஞ்சிய நாட்டின் மிகப் பெரும்பகுதி நைஸ், சார்ணோக்கைட் முதலிய உருமாறிய பாறைகளால் ஆனது. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி வருடங்களுக்கு முன் கண்டங்கள் மோதியபோது, பழைய பாறைகள் ஆழத்தில் அழுந்தி, உருகாமலே வெந்து மாறியதால் உண்டானவை இவை. நைஸ் கல்லிலும் குவாட்ஸும் பெல்ஸ்பாரும் பெரிய மணிகளாகவே இருக்கும். ஆனால் அவை தொதலில் படிந்த அடுக்குப் போல வரிவரியாகக் கிடக்கும். கிரனைட்டிலோ மணிகள் எந்தப் பக்கமும் சாயாமல் கலந்து கிடக்கும். வரி இருக்கின்றதா என்று பார்ப்பதே இரண்டையும் பிரித்தறிய இலகுவான வழி.

அசல் கிரனைட்டைக் காண விரும்புவோர் புத்தளம் மாவட்டத்தின் தோணிகல பகுதிக்குச் செல்லலாம். பழைய பிராமிக் கல்வெட்டுக்குப் பெயர்போன அவ்விடத்தின் இளஞ்சிவப்புப் பாறை, புவிச்சரிதவியலாளர்கள் கிரனைட் என்று இனங்கண்ட ஒன்றாகும்.

இக்கற்கள் வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்தால், பெல்ஸ்பார் வெண்களியாக மாறிவிடும். பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் காணப்படும் அந்த வெண்களியே பீங்கான் கோப்பையாக நமது கைக்கு வருகின்றது. குவாட்ஸோ அழியாமல் உதிர்ந்து ஆற்று மணலாகவும் கடற்கரை மணலாகவும் சேர்கின்றது.

கடையில் கவனிக்க வேண்டியவை

'கறுப்பு கிரனைட்' என்று விற்கப்படும் கற்களில் பெரும்பாலானவை கிரனைட் அல்ல. கப்ரோ, டொலரைட் முதலிய வேறு தீப்பாறைகள். அவையும் உறுதியான கற்களே. குசினிக்குத் தாராளமாக உகந்தவை. பெயரைக் கேட்டு அதிக விலை கொடுக்காமலிருந்தால் போதும்.

மாபிளைக் கிரனைட் என்று நம்பி வாங்கினால்தான் நட்டம். மாபிள் சுண்ணாம்புச் சேர்க்கை உடையது. தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ பட்டால் பளபளப்பு அரிக்கப்பட்டுத் தழும்பு விழும். கடையில் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்குங்கள். அதன் மேல் ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தாலோ மங்கினாலோ அது கிரனைட் அல்ல. கத்தி முனையால் கீறிப் பார்த்தாலும் மாபிளில் கோடு விழும். குவாட்ஸிலும் பெல்ஸ்பாரிலும் விழாது.

கிரனைட்டில் யுரேனியம் இருக்கின்றதாமே என்று அஞ்சுவோரும் உண்டு. இருப்பது மிகச் சொற்பம். சமையலறைப் பலகை ஒன்றினால் வரக்கூடிய கதிர்வீச்சு அச்சப்பட வேண்டிய அளவினதல்ல.

உண்மையில் அஞ்ச வேண்டியது தூசுக்கு. முழுக் கல்லாக இருக்கும் குவாட்ஸ் நமக்கு ஒரு தீங்கும் செய்யாது. அதை வெட்டும்போதும் அரைக்கும்போதும் எழுகின்ற கண்ணுக்குத் தெரியாத நுண் தூசு சுவாசப்பையின் அடிவரை சென்று தங்கிவிடும். வருடக் கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நோய் வருகின்றது. சுவாசப்பையில் ஏற்படும் அந்தத் தழும்பை மாற்றும் மருந்து இல்லை. கிரனைட்டில் குவாட்ஸ் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. குவாட்ஸ் தூளைப் பசையோடு சேர்த்துத் தயாரிக்கும் செயற்கைப் பலகைகள் பலவற்றில் 90 வீதத்துக்கும் மேல். அவற்றை வெட்டிய இளம் தொழிலாளர் பலர் நோயுற்றதால், அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அப்பலகைகளைத் தடை செய்துவிட்டது.

எனவே உங்கள் வீட்டில் பலகை பொருத்த வருகின்றவர்களிடம், இயன்றவரை வேலைத்தளத்திலேயே அளவுக்கு வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் வெட்டியே ஆகவேண்டுமானால், வெளியில் வைத்து, தண்ணீர் விட்டு ஈரமாக வெட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். படிந்த தூசை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். வாயில் கட்டும் கைக்குட்டை இந்த நுண் தூசைத் தடுக்காது. அதற்கென்று உள்ள சுவாசக் கவசம் வேண்டும். உங்கள் கணவரோ மகனோ சகோதரரோ கல் வெட்டும், கல் உடைக்கும், அம்மி பொளியும் தொழிலில் இருந்தால், இந்தப் பந்தியை அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். விடாத இருமலும் மூச்சு வாங்குதலும் இருந்தால், வைத்தியரிடம் தொழிலையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க

மூன்று கோப்பைச் சீனியை ஒரு கோப்பைத் தண்ணீரில் இட்டு, முழுவதும் கரையும் வரை சூடாக்குங்கள். அடுப்பருகே நீங்களே நில்லுங்கள். கொதிக்கும் பாகு கையில் பட்டால் கடுமையாகச் சுடும். பாதியை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, அதற்குள் ஒரு நூலைத் தொங்கவிட்டு, மெல்லிய துணியால் மூடி, அசைக்காமல் ஒரு வாரம் வையுங்கள். மற்றப் பாதியை இன்னும் சற்றுக் காய்ச்சி, பாகு தடித்ததும் இறக்கி, ஆறும்வரை கைவிடாமல் கிளறுங்கள். கிளறியது மாவு போன்ற வெள்ளைச் சீனியாகிவிடும். போத்தலிலுள்ள நூலிலோ மெல்ல மெல்லக் கற்கண்டு கட்டும். பிறகு இரண்டையும் பென்ட்ரி மேசையில் வைத்து, அந்தப் பலகையின் புள்ளிகளையும் காட்டி, எது எப்படி ஆறியிருக்கும் என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.